கடையும் காவலும்: கல்முனைக் கரையோரச் சில்லறை வணிகம் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வணிகத்தைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். அராபிய மரக்கலங்களும், கறுவாவும் ஏலமும், கரையோரத் தோணிகளும் அவ்வெழுத்துக்களில் தாராளமாக இடம்பெறுகின்றன. ஆயின், அப்பொருள்கள் இறுதியில் வந்து சேர்ந்த சிறிய சில்லறைக் கடையைப் பற்றி, அதன் கதவைப் பற்றி, அதன் பூட்டைப் பற்றி, அதற்குள் இரவில் படுத்துறங்கியவனைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஒரு கடை விபத்தினின்று பாதுகாப்பாகவும், சுகாதாரமாகவும், கள்வரும் கலகக்காரரும் அணுகாதபடியும் இருப்பதற்கு யார் பொறுப்பு என்ற வினா வெறும் நிருவாக வினாவன்று; அது ஒரு சமூக வரலாற்று வினா. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் கரையோர ஊர்களை மையமாகக் கொண்டு இவ்வினாவை நாம் இக்கட்டுரையில் நோக்க முயல்கின்றோம்.

முதலில் ஒரு மயக்கத்தை அகற்றவேண்டியுள்ளது. இலங்கை முஸ்லிம்கள் ஒரு 'வணிக இனம்' என்ற கருத்து தென்னிலங்கையில் வேரூன்றியது. கொழும்பையும் கண்டியையும் பார்த்து எழுதப்பட்டது. கல்முனைக் கரையோரத்துக்கு அது பொருந்துவதில்லை. இங்கு வாழும் முஸ்லிம் மக்களிற் பெரும்பான்மையோர் வயற்காரரும் மீனவரும் நெசவாளருமாகவே இருந்து வந்துள்ளனர். மருதமுனையின் கைத்தறிச் சாரமும் சேலையும் நாடறிந்தவை. கடை என்பது இம்மக்களின் உழைப்புக்கு இடையே, அவ்வுழைப்பை நம்பி நின்ற ஒரு நிறுவனம். வயற்காரன் பெரும்போக அறுவடைவரை கடனுக்குச் சாமான் வாங்குவான். நெல் அடித்தபின் கொடுப்பான். எனவே கடைக்காரனின் மெய்யான சொத்து இறாக்கையில் இருந்த அரிசியும் சீனியுமல்ல. லாச்சிக்குள் இருந்த கடன் கொப்பியே. இதனைப் பின்னர் மீண்டும் நினைவுகூர நேரும்.

பழைய கடைகளின் அமைப்பை அறிந்தோர் இன்றும் உளர். முகப்பு முழுவதும் பலகைகள். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் இலக்கம். அவ்விலக்க வரிசைப்படியே அவற்றைத் தவாளிப்பில் செருகவேண்டும். இறுதிப் பலகைக்குக் குறுக்கே இரும்புச் சட்டம், அதற்கொரு பூட்டு. பலசரக்கும் மண்ணெண்ணெயும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். சாக்கு மூட்டைகள் நிலத்தோடு கிடந்தால் ஈரமும் எலியும் சேருமாதலால் கீழே மரச்சட்டங்களை இட்டு மூட்டைகளை உயர்த்தி அடுக்குவர். மண்ணெண்ணெய்ப் பீப்பாயைப் பின்பக்கத் தாழ்வாரத்தில், விளக்குக்கும் அடுப்புக்கும் அப்பால் வைப்பர். இவை எந்தச் சட்டப்புத்தகத்தையும் படித்து வந்த வழக்கங்களல்ல. தந்தையிடமிருந்து மகனும் மாமனிடமிருந்து மருமகனும் பெற்ற தொழிலறிவு. இன்று சுருள் இரும்புக் கதவு வந்துவிட்டது. அது பலகையிலும் வலியது. எனினும் உள்ளே இருப்பவனுக்கு வேறு வழி இல்லாதபோது, தீப்பற்றிய கடையில் அக்கதவே அவனை அடைத்துவிடும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

உள்ளே இருப்பவன் யார்? பெரும்பாலும் கடைச் சிப்பந்தி. வெளியூரிலிருந்து வந்து, முதலாளியின் வீட்டுச் சாப்பாட்டை உண்டு, இரவில் சாமான் மூட்டைகளுக்கிடையே பாய் விரித்துப் படுப்பவன். அவன் அங்கு உறங்குவது அவனுக்கான வசதியாகவே சொல்லப்பட்டது. உண்மையில் அது கடைக்கான காவல். பூட்டு உடைந்தால் எழும்பவேண்டியவன் அவன். மழை ஒழுகினால் படங்கை இழுத்து மூடவேண்டியவன் அவன். தீ வந்தால் முதலில் புகையைச் சுவாசிப்பவனும் அவனே. முதலாளியின் சொத்துப் பாதுகாப்பு, தொழிலாளியின் உடற் பாதுகாப்பை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது. எமது சமூக வரலாற்றெழுத்தில் தோட்டத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஓரளவேனும் இடம்பெற்றனர். கடைச் சிப்பந்தி இடம்பெறவில்லை. அவன் முதலாளியின் ஊரவனாக, உறவினனாக, அதே பள்ளிவாசலில் அதே வரிசையில் நின்று தொழுபவனாக இருந்தமையால் அவனுடைய நிலை ஒரு வர்க்க நிலையாகக் கண்ணுக்குப் புலப்படவில்லை போலும்.

சட்டம் அவனை முற்றாக மறந்ததென்று கூற முடியாது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலைநேரத்தை வரையறுத்தது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையை உரித்தாக்கியது. காற்றோட்டம், வெளிச்சம், மலசலகூடம் போன்றவற்றையும் அது கருத்திற் கொண்டது. ஆனால் வேலைத்தலப் பாதுகாப்புக்கென விரிவான விதிகளைக் கொண்டிருந்த 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், அதன் பெயர் உணர்த்துவது போலவே, தொழிற்சாலைக்கானது. யந்திரம் சுழலாத சில்லறைக் கடை அதன் வரையறைக்கு வெளியே நின்றது. சுகாதாரம் வேறொரு வாயிலால் வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபின் நாடெங்கும் பரவிய அமைப்பின் வழியே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைவாசலுக்கு வந்தார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவருக்குத் தெளிவான அதிகாரத்தை வழங்கியது: கடைக்குள் புகுந்து பார்க்கலாம், ஐயத்துக்குரிய உணவின் மாதிரியை எடுத்து முத்திரையிட்டுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பலாம், குற்றம் காணின் நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லலாம். அனுமதிப்பத்திரமும் கழிவகற்றலும் உள்ளூராட்சி மன்றத்தின் கையில். 2001இல் மாநகர சபையாக உயர்ந்த கல்முனையிலும் அவ்வாறே. களவும் கலகமும் பொலிசுக்கு.

ஆகவே ஒரே கடையின் பாதுகாப்பு நான்கு கந்தோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தொழில் திணைக்களம் சிப்பந்தியின் மணித்தியாலங்களைப் பார்க்கும். சுகாதாரப் பரிசோதகர் கறிச்சட்டியைப் பார்ப்பார். சபை வாய்க்காலைப் பார்க்கும். பொலிசு பூட்டைப் பார்க்கும். இப்பிரிவினை சாதாரண காலத்துக்கு ஏற்றதே. அசாதாரண காலத்தில் என்ன நேர்ந்தது என்பதே எமது ஆய்வின் பொருளாகும்.

இத்தீவில் கடையின் காவல் முதன்முதலாகப் பெருமளவில் குலைந்தது 1915இல். கண்டியில் வெசாக் ஊர்வலம் தொடர்பாக எழுந்த பிணக்கு மே மாத இறுதியில் கலவரமாக வெடித்து மேல், மத்திய, தென் பகுதிகளிற் பரவியது. உத்தியோகபூர்வக் கணக்கின்படி 4,075 முஸ்லிம் கடைகள் கொள்ளையிடப்பட்டன. 25 பேர் கொல்லப்பட்டனர். இக்கலவரத்தின் பொருளாதாரக் காரணிகளை 1970இல் குமாரி ஜயவர்த்தனா ஆராய்ந்தபோது, போர்க்கால விலையேற்றமும், நகர உழைப்பாளரின் இடர்ப்பாடும், அவர்கள் கண்ணுக்கு நேரே தெரிந்த சில்லறை வியாபாரிமீது சினமாகத் திரும்பியமையும் வெளிப்பட்டன. விலையை நிருணயித்த இறக்குமதிக் கம்பனியும் வங்கியும் கொழும்புக் கோட்டையில் பத்திரமாக இருந்தன. விலையைச் சொன்னவனின் கடையே உடைந்தது. கடை எரிந்தபோது கடன் கொப்பியும் எரிந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. கடன் கொப்பி எரிவதால் நன்மை பெறுவோர் கலகக் கூட்டத்தில் எப்போதும் சிலராவது இருப்பர். பின்னர் ஆங்கில ஆட்சி கலவரம் நிகழ்ந்த பகுதிகளின் சிங்கள மக்கள்மீது நட்டஈட்டுப் பணத்தைச் சுமத்தி அறவிட்டது. கல்லெறியாதவனும் கொடுத்தான், அவ்வாறு கொடுத்தவன் அயற்கடையை எக்கண்கொண்டு நோக்கியிருப்பான் என்பதை ஊகிக்கலாம். கிழக்குக் கரையோரம் அக்கலவரத்துக்கு வெளியே நின்றது. ஊர் முழுவதும் தமிழ் பேசுவதும், வாங்குபவனும் விற்பவனும் ஒரே வயல்வெளியை நம்பி வாழ்வதுமே அன்று இங்கு கடைகளுக்குக் காவல்.

இக்கரையோரத்தை முதலில் சோதித்தவை காற்றும் கடலுமாகும். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பையும் அதன் தெற்கே இக்கரையையும் சிதைத்தது. 900க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் எந்த மாவட்டத்திலும் இத்துணை உயிரிழப்பு நிகழவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகியவற்றின் கடலோர வளவுகள் அடியோடு பெயர்ந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை வேளை. அதன் பின்னர் அரசு வகுத்த கடலோரத் தடைவலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றராகவும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றராகவும் இருந்தது. நிலம் ஒடுங்கி, மக்கள் நெருங்கி வாழும் இவ்வூர்களில் 200 மீற்றர் என்பது தெருக்கள் பலவற்றை விழுங்கும் தூரம். வலயம் பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் இடையிற் கழிந்த மாதங்களில் அவ்வளவுகளில் கடையை மீளக் கட்டுவதா விடுவதா என்று எவராலும் தீர்மானிக்க முடியவில்லை. பாதுகாப்பின் பெயரால் விதிக்கப்பட்ட தடை, பிழைப்பின் பாதுகாப்பைக் குலைத்த விந்தை இதுவாகும். கடன் கொப்பி கடலோடு போன கடைக்காரனுக்குக் கடன்பட்டவனும் கடலோடு போயிருந்தான். இக்கணக்கை எந்த நிவாரணப் படிவமும் கேட்கவில்லை.

கடலுக்கும் காற்றுக்கும் இனம் இல்லை. போருக்கு இருந்தது. கல்முனைச் சந்தை தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் உரசி வாங்கி விற்ற இடம். 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழரின் வீடுகள் எரிக்கப்பட்டன. எரித்த கூட்டத்தில் அயலூர் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை இப்பிரதேச வரலாற்றை எழுதும் எவரும் மறைத்தல் நேர்மையன்று. 1990 ஜூனில் இராணுவம் கல்முனையை மீளக் கைப்பற்றியபின் தமிழ் மக்கள் பலர் கொல்லப்பட்டனர், பலர் காணாமலாக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூலையில் கல்முனையிலிருந்து வடக்கே காத்தான்குடி நோக்கிச் சென்ற முஸ்லிம்கள், வணிகர் உட்பட, குருக்கள்மடத்தில் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், அடுத்த வாரம் ஏறாவூரிலும் படுகொலைகள் நிகழ்ந்தன. கடைக்கு இவற்றால் நேர்ந்தது யாது? சாமான் வரும் பாதை மூடியது. தமிழ்க் கிராமத்துக்குக் கடன் கொடுத்தவன் அதை வாங்கப் போகவில்லை. கடன்பட்டவன் கொடுக்க வரவில்லை. வாடிக்கையாளன் தன்னவன் கடையைத் தேடிப் போனான். கடையின் காவலாக இருந்த அயலுறவு, கடை எல்லையாக மாறியது. கல்முனையின் நிருவாக எல்லைகள் பற்றிப் போருக்குப் பின்னரும் ஓயாத பிணக்கை இப்பின்னணியை விடுத்து விளங்கிக்கொள்ள இயலாது.

நாம் விரிவாக நோக்கவேண்டிய நிகழ்வு கரையில் அன்றி, கரையிலிருந்து உள்ளே மேற்கில், அம்பாறை நகரில் நிகழ்ந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த அந்நகர், 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்தின் தலைநகராயிற்று. நகரவாசிகள் பெரும்பாலும் சிங்களவர். கரையோரத்தானுக்குக் கச்சேரி அங்கே. எனவே வழக்கும் வியாபாரமும் அங்கே. முஸ்லிம்கள் சிலர் அங்கு சாப்பாட்டுக்கடைகளை நடத்தினர். கரையிலிருந்து சென்ற சிப்பந்திகள் அவற்றில் வேலை செய்தனர்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அத்தகைய கடை ஒன்றில் உண்ணவந்த ஒருவர் கறியில் ஒரு மாக்கட்டியைக் கண்டார். முஸ்லிம் கடைகளில் சிங்களவரின் உணவிலும் உடையிலும் மலட்டு மருந்து கலக்கப்படுகிறதென்ற வதந்தி அதற்கு முன்னரே பல ஆண்டுகளாக உலவியது. அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்துக்கடைக்காரரிடம் 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிசார் கைப்பற்றினர் என்ற பொய்யும் அவ்வேளை முகநூலிற் பரவியிருந்தது. கூட்டம் கூடியது. காசு வாங்கும் இடத்தில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சூழ்ந்து நின்று கேட்ட கேள்வி மலட்டு மருந்தைப் பற்றியதென்பது அவருக்கு விளங்கவில்லை. மாவைப் பற்றியதென எண்ணினார் போலும். அஞ்சிய நிலையில், அரைகுறைச் சிங்களத்தில், ஆம், போட்டோம் என்னும் பொருள்பட ஏதோ சொன்னார். அது கைத்தொலைபேசியில் படம் பிடிக்கப்பட்டு ஒப்புதல் வாக்குமூலமாக நாடெங்கும் அனுப்பப்பட்டது. கடை உடைக்கப்பட்டது, அவர் தாக்கப்பட்டார், அண்மையிலிருந்த பள்ளிவாசலும் வேறு கடைகளும் வாகனங்களும் சேதமாக்கப்பட்டன. ஒரு வாரத்துள் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகள் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது.

இந்நிகழ்வை இனக் கலவர வரிசையில் ஒன்றாக மட்டும் எண்ணிவிடுதல் போதாது. அன்று எழுந்த குற்றச்சாட்டு ஒரு சுகாதாரக் குற்றச்சாட்டு. உணவில் கூடாத பொருள் கலந்திருக்கிறது என்று ஒருவர் ஐயுற்றால் செய்யவேண்டியது யாது என்பதை 1980ஆம் ஆண்டின் சட்டம் கூறியிருக்கிறது. மாதிரி எடுக்கப்படவேண்டும், முத்திரையிடப்படவேண்டும், பகுப்பாய்வாளர் சொல்லவேண்டும். அவ்வாறே அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார்: அது மாப்பொருள், மலட்டு மருந்தன்று. ஓர் உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லை என மருத்துவ அறிஞரும் கூறினர். ஆனால் இவை எல்லாம் வந்தபோது கடை ஏற்கெனவே உடைந்திருந்தது. பரிசோதகரின் அதிகாரத்தைத் தெரு எடுத்துக்கொண்டது. பகுப்பாய்வாளரின் இடத்தில் கைத்தொலைபேசி அமர்ந்தது. பொலிசு நிலையம் நகரிலேயே இருந்தது. முகநூல் நிறுவனம் 2018ஆம் ஆண்டுக் கலவரத்தில் தன் தளம் பயன்பட்ட விதத்துக்காக 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. அதன் தளத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பை இனங்காணப் போதிய ஆளணி அன்று அதனிடம் இருக்கவில்லை.

மொழியின் பங்கையும் இங்கு அழுத்திக் கூறவேண்டும். 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தைப் பற்றி நாம் பேசும்போது அரச உத்தியோகத்தையும் கல்வியையும் பற்றியே பேசி வந்துள்ளோம். ஒரே மாவட்டத்தில் கரையில் தமிழும் உள்ளே சிங்களமுமாக இரு தலைமுறைகள் ஒன்றையொன்று விளங்காது வளர்ந்தன. 1987இல் தமிழும் ஆட்சிமொழி எனத் திருத்தம் வந்தது. கந்தோர்ப் பலகைகள் மாறின. காசு மேசையில் ஒரு கேள்விக்கு விளங்கி மறுமொழி சொல்வது கடையின் காவலுக்கு இரும்புக் கதவிலும் முக்கியமானதென்பதை அவ்விரவு காட்டியது. இதில் எமது பக்கத்துக் குறையும் உண்டு. வாடிக்கையாளனின் மொழியைக் கற்பதற்குக் கடைக்காரருக்குப் பிழைப்பே போதிய காரணமாயிருந்தும், காசு எண்ணும் அளவிலேயே பலர் நின்றுவிட்டனர்.

அதன் பின் வந்த ஆண்டுகள் இடைவெளி தரவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர், ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் மறைந்திருந்த தீவிரவாதக் குழு படையினரோடு மோதித் தன் பெண்டு பிள்ளைகளோடு வெடித்து மாண்டது. அவ்வீட்டைப் பற்றிய ஐயத்தை முதலில் எழுப்பியோர் அவ்வூர் முஸ்லிம்களே. எனினும் மே 13இல் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் எரிந்தவை முஸ்லிம்களின் கடைகள்; எரியாத கடைகள் புறக்கணிக்கப்பட்டன. 2020 நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தையோடு தொடர்புடைய கொரோனாத் தொற்று வெளிப்பட்டுக் கடைகள் மூடப்பட்டபோது, சுகாதாரப் பரிசோதகர் மீண்டும் கடைவாசலுக்கு வந்தார். ஆனால் அதே சுகாதாரத் துறையின் பெயரால், தொற்றுற்று இறந்தோரை எரிக்கவேண்டுமென்ற கட்டளை அன்று நடைமுறையில் இருந்தது. நல்லடக்கம் 2021 பெப்ரவரி இறுதியிலேயே அனுமதிக்கப்பட்டது. தன் தகப்பனின் மையித்தை எரித்துவிடுவார்கள் என்று அஞ்சியவன் பரிசோதனைக்குத் தானாக முன்வருவான் என எதிர்பார்த்தது பேதைமை. சந்தையின் சுகாதாரம் அதிகாரிமீது மக்கள் கொண்ட நம்பிக்கையில் எத்துணை தங்கியுள்ளது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

இறுதியாகக் காப்புறுதி பற்றி ஒரு சொல். சாதாரணத் தீக்காப்புறுதிப் பத்திரம் கலவரத்தால் வரும் தீயை உள்ளடக்குவதில்லை. வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கெனத் தனிக் கட்டணம் செலுத்தவேண்டும். அந்நிதியை இன்று தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிருவகிக்கிறது. வட்டியும் ஐயப்பாடும் கலந்ததெனக் காப்புறுதியை விலக்கிய கடைக்காரருக்கு 1999இல் தோன்றிய அமானா தக்காபுல் போன்ற நிறுவனங்கள் வேறு வழியைக் காட்டின. ஆயினும் சிறு கடைக்காரரிற் பலர் எப்பத்திரமும் இன்றியே இருக்கின்றனர். பத்திரம் எடுத்தவரது கடையிலும் அது இறாக்கைக்கும் சாமானுக்கும் கட்டடத்துக்கும் உரியது. மூட்டைகளுக்கிடையே பாய் விரித்துப் படுத்தவன் தீயிற் கருகினால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தையே நாடவேண்டும். அச்சட்டம் கேட்பது, காயம் வேலையின் காரணமாக, வேலையின்போது ஏற்பட்டதா என்பதே. பூட்டிய கடைக்குள் நள்ளிரவில் உறங்குபவன் வேலையில் இருக்கிறானா, இல்லையா? அவன் உறங்குவது அவனுக்கான வசதி என்று முதலாளி சொல்வார்.